சத்தியம் பண்ணாத மாப்பிள்ளை

புங்குடுதீவில் ஆட்கள் குறைவு, கதை குறைவில்லை. பத்து வீட்டில் ஏழு வீடு பூட்டிக் கிடக்கும் ஏழாம் வட்டாரத்தில், ஒரு சங்கதி காலையில் ஒரு வீட்டுப் படலையால் வெளிக்கிட்டால் மத்தியானச் சோற்றுக்கு முன் ரொறன்ரோ போய்த் திரும்பிவிடும். பவதாரணி இரண்டாம் கலியாணம் கட்டப்போகிறாள் என்ற சங்கதியும் அப்படித்தான் போய் வந்தது. போகும்போது 'நல்லது, பாவம், தனிய இருந்தவள்' என்று போனது. வரும்போது 'அந்தக் குடிகாரனையோ' என்று வந்தது.

பவதாரணி அதைக் காதில் போடவில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. அதோடு அவளுக்கு வேலை கிடந்தது. மாசிப் பனி மூசிப் பெய்யும் என்று சும்மாவா சொன்னார்கள், வெயில் ஏறிய பிறகும் பனங்கிழங்குப் பாத்தி ஈரம் விடாமல் கிடந்தது. அலவாங்குக் கம்பியால் பாத்தியின் ஓரத்தைக் கிளப்பி, கையை உள்ளே விட்டு, முறியாமல் இழுக்க வேண்டும். முறிந்த கிழங்கை வீட்டில் தின்னலாம், விற்க முடியாது. இழுத்ததைக் கடகத்தில் போட்டுக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் மண் போகக் கழுவி, தலையும் வேரும் வெட்டி, பெரிய பானையில் அடுக்கி அவிப்பாள். உப்புப் போடத் தேவையில்லை. அந்த வளவுக் கிணற்றில் ஊறுவதே உப்புத் தண்ணீர்தான். அவிந்ததை உரித்துக் கிழித்துப் பாயில் காயவைத்தால் புழுக்கொடியல். அவள் கையால் காய்ந்த புழுக்கொடியல் யாழ்ப்பாணத்துக் கடைகளுக்கும், அங்கிருந்து பார்சலில் லண்டனுக்கும் போகிறது.

வயது முப்பத்தொன்பது. முதல் புருஷன் ஜெகதீஸ் நல்ல மேசன். சுவர் எழுப்பினால் நூல் பிடித்தது போல் இருக்கும், மத்தியானம் வரைக்கும். அதற்குப் பிறகு அவனையே யாராவது பிடிக்க வேண்டும். எட்டு வருஷம் அவனோடு குடித்தனம் நடத்தினாள். சீதனமாய்க் கொடுத்த காணியும் வீடும் கசிப்புச் சாராயமாய் அவன் தொண்டைக்குள் இறங்கின. ஈரல் வீங்கி அவன் செத்த பிறகு, அண்ணன் ஜெயரூபனின் பெயரில் இருக்கும் இந்த வளவுக்குத் தாய் சிவக்கொழுந்தோடு வந்து சேர்ந்தாள். வந்த அன்றைக்கே பனங்கொட்டை பொறுக்கத் தொடங்கிவிட்டாள். அழுவதற்கு ஒரு வருஷம் கழித்துத்தான் அவளுக்கு நேரம் கிடைத்தது.

சசிகரன் எட்டாம் வட்டாரத்தான். நாற்பத்துநாலு வயது. பதினாலு வயதில் தெற்கே ஒரு ஊரில் சித்தப்பாவின் கடைக்குப் போனவன். கடை பூட்டிய பிறகு குடிக்கப் பழகி, கடை திறக்கு முன் குடிக்கிற அளவுக்கு வளர்ந்து, ஒருநாள் பஸ் ஏற்றி ஊருக்கு அனுப்பப்பட்டான். ஊரில் கசிப்பு. பஸ் தரிப்பிடத்தில் படுக்கை. தகப்பன் செத்த அன்று கொள்ளி வைக்க அவனுக்கு நிதானம் இருக்கவில்லை. ஒன்றுவிட்ட தம்பி வைத்தான். மற்ற எல்லாவற்றையும் ஊர் மன்னித்தாலும் அதை மன்னிக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் மஞ்சள் காமாலையில் ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பி வந்தவன், ஒருநாள் குடிக்கவில்லை. மறுநாளும் குடிக்கவில்லை. எப்படி விட்டாய் என்று கேட்டவர்களுக்கு அவன் சொன்னது அவ்வளவுதான். இப்போது பிரதேச சபையின் தண்ணீர் பவுசர் லொறி ஓட்டுகிறான். வேலணைப் பக்கம் சாட்டிக் கிணற்றில் நல்ல தண்ணீர் நிரப்பிக்கொண்டு பாலம் தாண்டி வந்து, வீடு வீடாகத் தாங்கிகளை நிரப்பிப் போவான். சேட்டுப் பையில் எப்போதும் ஒரு துண்டு பனங்கட்டி இருக்கும். குடி நினைவில் மனம் அந்தரிக்கும்போது ஒன்றைக் கடித்து வாயில் ஒதுக்கிக்கொள்வான்.

அவளுக்கு அவனைப் பிடித்துப்போனதற்குப் பனங்கட்டி காரணமில்லை. இரண்டு வருஷத்துக்கு முன், முதல் தரம் அந்த வளவுக்குத் தண்ணீர் கொண்டு வந்த அன்று, குழாயைத் தாங்கிக்குள் விட்டுவிட்டு அவன் சொன்னான்:

"ஒண்டு சொல்லிப்போட்டுத்தான் இந்தப் படலைக்குள்ள வந்து போகவேணும். உம்மட மனுசனும் நானும் ஒண்டாக் குடிச்சிருக்கிறம். அவர் கடைசியாக் குடிச்ச கிழமையும் நான் பக்கத்தில இருந்தனான்."

பவதாரணிக்கு வந்த கோபத்தில் தாங்கி நிரம்பி வழிந்ததையும் அவள் பார்க்கவில்லை. இரண்டு நாள் அவள் ஒருவரோடும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் ஒன்று விளங்கியது. எட்டு வருஷத்தில் ஜெகதீஸ் அவளிடம் ஒரு உண்மையும் சொல்லவில்லை. இவன் கேட்காமலே ஒன்றைச் சொல்லியிருக்கிறான். அடுத்த தரம் பவுசர் வந்தபோது பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தாள். அதற்கடுத்த தரம் அவன் காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு பாத்திக்குள் இறங்கினான். அலவாங்கு பிடிக்கத் தெரியாமல் பத்துக் கிழங்கை முறித்தான். முறித்த பத்தையும் அவித்து இரண்டு பேரும் இருந்து தின்றார்கள். இப்படித்தான் வந்தது. பெரிதாய்ச் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அவளுக்கு அது பெரிது. அவள் வாழ்க்கையில் அவளாகத் தெரிந்தெடுத்தது அது ஒன்றுதான்.

கலியாணம் மாசி மாதத்துப் புதன்கிழமை என்று முடிவானது. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று சிவக்கொழுந்துதான் நாள் பார்த்தார். பதிவெழுத்தும் வீட்டில், தாலிகட்டும் வீட்டில். ஜெயரூபன் பதினாலு வருஷத்துக்குப் பிறகு ரொறன்ரோவிலிருந்து வந்து இறங்கினார்.

*

சனிக்கிழமை கூழ். வந்த நாள் தொடக்கம் ஜெயரூபன் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான். சிவக்கொழுந்து விடியவே காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவை ஊறவிட்டு, நண்டு, இறால், மீன்தலை, பயத்தங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை எல்லாம் போட்டுப் பெரிய பானை நிறையக் காய்ச்சியிருந்தார். செத்தல் மிளகாய் அரைத்துக் கரைத்த வாசம் ஒழுங்கை முனை வரைக்கும் போனது. முற்றத்து வேம்பின் கீழ் பானையைச் சுற்றி இருந்தார்கள். மாப்பிள்ளையும் அழைக்கப்பட்டிருந்தான். ஜெயரூபன் பச்சைப் பனை ஓலையைத் தன் கையாலேயே குடிக்கும் பிளாவாகக் கோலி ஒவ்வொருவருக்கும் கொடுத்தார்.

"எனக்கு ஒரு கோப்பை தாங்கோ, மாமி," என்றான் சசிகரன்.

ஜெயரூபன் சிரித்தார். "கூழைக் கோப்பையில குடிக்கிற புங்குடுதீவானை இண்டைக்குத்தான் காணுறன். பிளாவில குடிச்சாத்தானே கூழ்?"

"பிளாவை வாயில வைச்சா எனக்குக் கூழ் ஞாபகம் வராது, அண்ணை. கள்ளுத்தான் வரும்."

பவதாரணி எழும்பிக் குசினிக்குள் போய் ஒரு கோப்பை எடுத்து வந்து, நிறைய நண்டுக்கால் விழும்படி ஊற்றிக் கொடுத்தாள். அவன் ஊதி ஊதிக் குடித்தான். இரண்டாம் கோப்பை வாங்கும்போது ஜெயரூபன் கையைத் துடைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தார்.

"நேற்று எங்கட ஊர்க் குழுவில இது வந்தது."

படத்தில் கள்ளுத் தவறணை. முன்னால் சபையின் பவுசர். கீழே நாற்பது பேர் கருத்துச் சொல்லியிருந்தார்கள். அந்த நாற்பது பேரில் ஊரில் இருக்கிற ஆள் ஒருவர்கூட இல்லை.

சசிகரன் பார்த்தான். "ஓம். நான்தான். தவறணைக்கும் தண்ணி வேணும்தானே. முட்டி கழுவ, போத்தில் கழுவ. வெள்ளிக்கு வெள்ளி குடுக்கிறனான்."

"வேற ஆளை அனுப்ப ஏலாதோ?"

"மற்ற பவுசர் வேலணைப் பக்கம் ஓடுது. இஞ்சால நான் ஒராள்தான்."

"உள்ளுக்குப் போறனீரோ?"

"இல்லை. குழாயைக் குடுத்திட்டு ஏறி சீற்றில இருந்திடுவன். எஞ்சினை நிப்பாட்டிறதில்லை."

"அதென்ன, எஞ்சினை நிப்பாட்டாமல்?"

"நிப்பாட்டினா உள்ளுக்கு இருக்கிறவை கதைச்சுச் சிரிக்கிறது கேக்கும், அண்ணை."

ஜெயரூபன் கெட்ட மனிதரல்ல. தங்கையின் முதல் கலியாணத்தைப் பேசி முடித்தவர் அவர்தான். அந்த முள் அவருக்குள் இன்னும் கிடந்தது. இந்த முறை பிழைக்கக் கூடாது என்று விமானத்தில் இருந்தே யோசித்து வந்திருந்தார்.

"நான் உம்மை நம்பிறன், சசி," என்றார். "ஆனா ஊர் நம்பவேணும். செவ்வாய்க்கிழமை பின்னேரம் வைரவரடிக்கு வாரும். கற்பூரம் கொளுத்துவம். இனித் தொடமாட்டன் எண்டு கையால அணைச்சு ஒரு சத்தியம் பண்ணும். நான் வீடியோ எடுத்துக் குழுவில போட்டுவிடுறன். எல்லாற்ற வாயும் அடைபடும். அடுத்த நாள் எழுத்து."

"நான் சத்தியம் பண்ணமாட்டன், அண்ணை."

கேட்டதற்குப் பதில் சொன்ன மாதிரி, குரல் உயராமல் சொன்னான். சிவக்கொழுந்தின் கை அகப்பையோடு நின்றது.

"பண்ணினா என்ன, மோனை? மடியில கனமிருந்தாத்தானே வழியில பயம்?"

"கனம் இருக்கு, மாமி. அதாலதான் பண்ணமாட்டன் எண்டுறன்."

"அப்ப குடிக்கிற எண்ணம் இருக்கு," என்றார் ஜெயரூபன்.

"அந்த எண்ணம் இல்லாத நாள் இல்லை."

ஜெயரூபன் எழும்பினார். முகம் சிவந்திருந்தது, கூழின் உறைப்பினால் மட்டுமல்ல. "அப்ப நானும் சொல்லிப்போட்டன். சத்தியம் இல்லாட்டி எழுத்தும் இல்லை. நான் சொல்லியும் கேளாமல் கட்டினா அம்மாவை நான் கூட்டிக்கொண்டு போறன், வளவைப் பூட்டுறன். இன்னொருக்கா என்ர தங்கச்சியின்ர கோலத்தைப் பாக்க என்னால ஏலாது."

சசிகரன் மிச்சக் கூழையும் குடித்து முடித்தான். கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான். பவதாரணிக்கு அண்ணனிலும் கோபம், அவனிலும் கோபம். அவனில் கொஞ்சம் கூட.

*

ஞாயிற்றுக்கிழமைகளில் சாட்டிக் கடற்கரைக்குச் சனம் வரும். யாழ்ப்பாணத்திலிருந்து குடும்பம் குடும்பமாய் வந்து குளித்து, சமைத்த சாப்பாட்டைப் பிரித்துச் சாப்பிட்டுப் போவார்கள். பவதாரணி அவித்த கிழங்கைக் கட்டுக் கட்டாய்க் கடகத்தில் அடுக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய் அங்கே விற்பாள். அன்றைக்குப் பதினொரு மணிக்கே கடகம் காலி. வெறுங்கடகத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தாள். பவுசர் நின்றது. மோட்டார் இரைந்துகொண்டிருந்தது. சசிகரன் கிணற்றுக் கட்டில் இருந்து பவுசர் நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ர கலியாணம் நடக்குமோ நடவாதோ எண்டது இப்ப ஒரு கட்டிக் கற்பூரத்தில வந்து நிக்குது," என்றாள் அவள். "ஒரு செக்கன் வேலை. பண்ணிவிட்டா உங்களுக்கு என்ன குறைஞ்சு போகும்?"

"இதில இரும், சொல்லுறன்."

"நான் நிண்டே கேக்கிறன்."

அவன் பனங்கட்டியை எடுத்தான். கடிக்காமல் திரும்பப் பைக்குள் வைத்தான்.

"நான் பதினொரு தரம் சத்தியம் பண்ணினனான், பவா. வைரவரடியில, பிள்ளையாரடியில, ஒருக்கா நயினாதீவுக்குப் போய் அம்மாளுக்கு முன்னால. ஒருக்கா அம்மாவின்ர தலையில கை வைச்சு. ஒண்டும் பொய்ச் சத்தியம் இல்லை. அண்டைக்கு அண்டைக்கு உண்மையாத்தான் பண்ணினனான். ஆனா ஒண்டு. நாளைக்குச் சத்தியம் எண்டா, இண்டைக்குக் குடிக்கலாம் எண்டு ஒரு உரிமை வந்திடும். கடைசிக் குடி எண்டு குடிக்கிறது. அதைப்போல ஒரு குடி உலகத்தில இல்லை. பேந்து போய்க் கற்பூரம் அணைச்சிட்டு எட்டு நாள், பத்து நாள் நெஞ்சை நிமித்திக்கொண்டு திரிவன். பத்தாம் நாள் ஒரு வாய் பட்டுதோ, சரி. சத்தியம் முறிஞ்சு போச்சு. முறிஞ்சது முறிஞ்சதுதானே, இனி ஒரு வாய் என்ன ஒரு போத்தில் என்ன எண்டு மூண்டு மாசத்துக்கு எழும்பமாட்டன். எனக்குச் சத்தியம்தான் குடிக்கக் கதவு."

மோட்டார் இரைச்சலுக்கு மேலால் கதைத்ததில் அவனுக்கு மூச்சு வாங்கியது.

"இந்த முறை நான் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லேல்லை. கடவுளுக்கும் சொல்லேல்லை. சொல்லாமல் விட்டபடியால்தான் இவ்வளவு காலம் நிக்குது."

"எனக்கும் சொல்லமாட்டியளோ?"

"உமக்கு ஒவ்வொரு நாளும் சொல்லுவன். அண்டண்டைக்கு உள்ளதை. குடிச்சாலும் நான்தான் முதல் வந்து சொல்லுவன்."

"நல்ல ஆறுதல்." அவள் கடகத்தை மறு இடுப்புக்கு மாற்றினாள். "நான் ஒரு மனுசனை நம்பிக் கெட்டனான். இனி நம்பாமல் ஒராளைக் கட்டச் சொல்லுறியளோ?"

"ஓம். நம்பாமல் கட்டும். ஜெகதீஸ் அண்ணையை நீர் நம்பினபடியால்தானே அவர் எட்டு வருஷம் உம்மை ஏய்ச்சவர்."

செத்த மனிதனின் பெயரை அவன் எடுத்ததும் அவள் கடகத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பாராமல் நடந்தாள். அவன் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் அவள் நின்றிருக்கமாட்டாள்.

பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைத்தது. வாடைக்காற்று உப்போடு வந்து முகத்தில் ஒட்டியது. பஸ் பாலத்தில் ஏறியபோது இரண்டு பக்கமும் கடல் வற்றிச் சேறு மினுங்கியது. 'நீர் நம்பினபடியால்தானே' என்று அவன் சொன்னது காதுக்குள்ளேயே நின்றது. பவதாரணி ஜெகதீசின் சத்தியங்களை எண்ணிப் பார்த்தாள். ஒன்பது. ஒன்பதுக்கும் கற்பூரம் வாங்கியவள் அவள். தேங்காய் வாங்கியவள் அவள். கையைப் பிடித்துக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனவளும் அவள்தான். சத்தியம் பண்ணிய நாள்களில் வீட்டில் சட்டி பானை எல்லாம் கழுவிக் கவிழ்த்து, பாயசத்தோடு சைவச் சாப்பாடு சமைப்பாள். அந்த நாள்களில் அவளுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று நினைக்க இப்போது வெட்கமாக இருந்தது. இவன் சொன்னது போலவே, ஒவ்வொரு சத்தியத்துக்கும் முதல் நாள் ஜெகதீசும் விழுந்து விழுந்து குடித்தவன்தான். அதையும் அவள் 'போகட்டும், இதுதானே கடைசி' என்று பொறுத்தவள்தான். முறிந்த பிறகு? 'இன்னொரு தரம் பண்ணட்டும்' என்று பொறுத்தாள். சத்தியத்துக்குச் சத்தியம் இப்படிப் பொறுத்தே காணி போனது, வீடு போனது, கடைசியில் ஆளும் போனான்.

அந்த ஒன்பது சத்தியமும் ஜெகதீசை ஒரு நாளும் கட்டிப்போடவில்லை. கட்டுப்பட்டுக் கிடந்தது அவள்தான்.

இறங்க வேண்டிய தரிப்பிடம் தாண்டிப் போய்விட்டது. நடத்துனர் சத்தம் போட்டபோதுதான் எழும்பினாள். இரண்டு தரிப்பிடம் திரும்பி நடக்க வேண்டியிருந்தது. நடந்தாள். நடக்க நடக்கக் கோபம் போகவில்லை, ஆனால் யாரில் கோபம் என்று இப்போது தெளிவாய்த் தெரிந்தது.

*

செவ்வாய்க்கிழமை பின்னேரம். ஏழாம் வட்டாரத்து வைரவர் கோயில் என்றால் ஒரு பூவரச மரம், அதன் கீழ் ஒரு சூலம், நாலு தூணில் ஒரு தகரக் கூரை. பூசை பார்ப்பவர் கதிர்காமு. கமக்காரர், ஊரில் பாதிப்பேருக்கு அம்மான் முறை. சத்தியம் என்று கேள்விப்பட்டுப் பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். திருவிழாவுக்குக் கூட அவ்வளவு பேர் வருவதில்லை. பவதாரணியும் சிவக்கொழுந்தும் பெண்கள் பக்கம் நின்றார்கள்.

ஜெயரூபன் ஒரு கணக்குப் போட்டிருந்தார். வீட்டில் மாட்டேன் என்றவன், கடவுளுக்கு முன்னால் ஊர் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டேன் என்று சொல்லமாட்டான். தொலைபேசியைப் படுக்கையாகப் பிடித்துக்கொண்டு தயாராய் நின்றார்.

சசிகரன் வந்தான். குளித்து, வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி. நேரே சூலத்துக்கு முன்னால் போய்க் கண்ணை மூடிக் கும்பிட்டான். கதிர்காமு ஒரு தட்டத்தில் கற்பூரத்தைக் குவித்துக் கொளுத்தி முன்னால் வைத்தார். காற்றுக்குச் சுடர் சரிந்து சரிந்து எழும்பியது.

"சொல்லிப்போட்டு அணையும், தம்பி," என்றார்.

"நான் கும்பிட வந்தனான், அம்மான். கும்பிட்டிட்டன்."

"சத்தியம்?"

"இல்லை."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. ஜெயரூபன் தொலைபேசியைத் தாழ்த்தினார். இவ்வளவு நாளும் அடக்கி வைத்திருந்தது வெளியே வந்தது.

"நான் மடையன். பெத்த தகப்பனுக்குக் கொள்ளி வைக்காதவன் வைரவருக்குப் பயப்பிடுவான் எண்டு நினைச்சன்."

அது விழுந்த இடம் எல்லோருக்கும் தெரிந்தது. சசிகரன் வேட்டித் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். இப்போது இவன் இப்படியே திரும்பித் தவறணைக்குப் போனாலும் ஆச்சரியமில்லை என்று பவதாரணி பயந்தாள்.

"அண்டைக்கும் நான் சத்தியம் பண்ணியிருந்தனான், அண்ணை," என்றான் அவன். "அப்பா சாக ரெண்டு நாளைக்கு முன்னம். அவரின்ர கையைப் பிடிச்சு, இனிக் குடிக்கமாட்டன் எண்டு. அவர் நம்பித்தான் செத்தவர். அதுதான் என்ர பதினோராவது. பன்னிரண்டாவது என்னட்டக் கேக்காதேங்கோ."

கற்பூரம் பாதி எரிந்துவிட்டது. ஜெயரூபன் தாயின் கையைப் பிடித்து, "வாங்கோ அம்மா, போவம்," என்றார்.

பவதாரணி அசையவில்லை. பிறகு அசைந்தாள். பெண்கள் நின்ற பக்கத்தை விட்டு, நேரே நடந்து போய்ச் சூலத்துக்கு முன்னால் நின்றாள்.

"எண அம்மான், தட்டத்தை இஞ்சால வையுங்கோ."

"பிள்ளை, பொம்பிளையள் இஞ்ச கற்பூரம் அணைக்கிறதில்லை."

"ஆம்பிளையள் அணைச்சு என்னத்தைக் கண்டம், அம்மான்?"

கதிர்காமு யோசித்தார். தட்டத்தை அவள் பக்கம் தள்ளினார்.

அவள் சூலத்தைப் பார்த்துச் சொன்னாள். மெதுவாய்ச் சொல்லவில்லை. ஒழுங்கையில் நின்றவனுக்கும் கேட்டிருக்கும்.

"வைரவரே, கேளும். இந்த மனுசன் குடிச்சா, அண்டைக்கே நான் இவரை விட்டு வெளிக்கிடுவன். அழமாட்டன். மறைக்கமாட்டன். இன்னொரு தரம் பாப்பம் எண்டு இருக்கமாட்டன். கையைப் பிடிச்சுக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டும் வரமாட்டன். போன முறை எனக்கு எட்டு வருஷம் எடுத்தது. இந்த முறை எட்டு நிமிசம் எடுக்காது. குடிக்காத நாள் எல்லாம் இவர் என்ர மனுசன். அதில ஒருத்தரும் வாய் வைக்கக் கூடாது. இது என்ர சத்தியம். இதைக் காப்பாத்த எனக்கு ஏலும்."

உள்ளங்கையை விரித்து எரிகிற கற்பூரத்தின் மேல் அடித்தாள். சுடர் நூர்ந்தது. சுளீரென்று சுட்டது, பல்லைக் கடித்துக்கொண்டு கையை எடுத்தாள். புகை மட்டும் மேலே போனது.

"அப்ப வளவு?" ஜெயரூபனின் குரல் இறங்கியிருந்தது. பயமுறுத்துகிற குரலாக அது இல்லை, வேறு ஒன்றும் கையில் இல்லாதவரின் குரலாக இருந்தது.

"வளவை நீங்கள் பூட்டி வைச்சிருங்கோ, அண்ணை. பாத்தியில கிடக்கிற கிழங்கு நான் போட்டது. அதைக் கிண்டி முடிச்சிட்டு நான் எட்டாம் வட்டாரத்துக்குப் போறன். அங்கயும் பனை நிக்குது."

சிவக்கொழுந்து மகனின் பிடியிலிருந்து கையை இழுத்துக்கொண்டார். தட்டத்தில் இருந்த விபூதியை அள்ளி மகளின் உள்ளங்கையில் அப்பினார். "கொப்பளிக்கப் போகுது, விசரி," என்றார். அழுகிறாரா ஏசுகிறாரா என்று தெரியவில்லை. "நாளைக்கு இந்தக் கையைத்தான் பிடிச்சுக் குடுக்க வேணும்." பிறகு மகனைப் பார்த்து, "நான் ஒரு இடமும் வரேல்லை, தம்பி. உங்கட குளிர் எனக்கு ஒத்துக்கொள்ளாது," என்றார்.

ஜெயரூபன் தலையைக் குனிந்தார். அப்போதுதான் கையிலிருந்த தொலைபேசி இன்னும் பதிவெடுத்துக்கொண்டிருப்பதைக் கண்டார். நிறுத்தப் போனார்.

"அதை அழியாதேங்கோ," என்றாள் பவதாரணி. "முழுக்கக் குழுவில போடுங்கோ. நாற்பது பேரும் பாக்கட்டும்."

அவர் சசிகரனின் பக்கம் திரும்பினார். அவன் அழுதிருந்தான்; விபூதி கன்னத்தில் வழிந்திருந்தது. பவதாரணியின் சுட்ட கையைப் பார்த்தபடி நின்றான். தொடவில்லை.

"இவ்வளவும் நடந்திருக்கு. நீர் ஒண்டும் சொல்லமாட்டீரோ?" என்றார் ஜெயரூபன்.

சசிகரன் நிமிர்ந்தான்.

"இண்டைக்கு நான் குடிக்கேல்லை, அண்ணை."

"நாளைக்கு?"

அவன் வாயைத் திறக்குமுன் பவதாரணி முந்திக்கொண்டாள்.

"நாளைக்கு எங்களுக்குக் கலியாணம்," என்றாள்.